பழைய கணினியில் புதிய ஆட்டம்: ஒரு சிறு வரலாறு

2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நம் மாவட்டத்துக்குள்ளேயே நடந்த விழா என்பதால் திருத்தணிப் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் அன்று அதே பேச்சுதான். அடுத்த கல்வியாண்டுக்குள் நம் வகுப்பு மாணவர் கைகளிலும் அந்தக் கறுப்புப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. வந்த சில வாரங்களில் அவற்றுக்குள் ஆட்டங்களும் வந்து சேர்ந்தன. கம்பராமாயண வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஒரு பிற்பகல் இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்தக் கணினி அத்தகைய ஆட்டங்களுக்காகச் செய்யப்பட்டதன்று. 2 ஜிபி நினைவகம், 320 ஜிபி வன்தட்டு, தனி வரைகலை அட்டை கிடையாது. எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் போதும் என்று அரசு கருதிய பொருள் அது. பின் அதில் அந்த ஆட்டங்கள் எப்படி ஓடின? அன்று நாம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மூன்று மடிக்கணினிகளைப் பறிமுதல் செய்து, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும்படி ஆய்வக உதவியாளரிடம் சொன்னோம். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அந்தக் கேள்விக்கு விடை காண முயல்வோம். அதற்குச் சற்றே பின்னோக்கிப் போகவேண்டும்.

*

ஐபிஎம் நிறுவனம் தன் தனிமனிதக் கணினியை 1981இல் வெளியிட்டபோது, அதிலிருந்த 8088 செயலியால் ஒரு மெகாபைட் நினைவகத்தைத்தான் எண்ணிப் பார்க்க முடியும். அந்த ஒன்றிலும் மேற்பகுதி திரைக்கும் பிற உறுப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டுவிட, நிரல்களுக்கு மிஞ்சியது 640 கிலோபைட். பத்தாண்டுகள் கழித்து 4 மெகாபைட், 8 மெகாபைட் என்று நினைவகம் வளர்ந்த பின்னும் டாஸ் இயங்குதளம் அந்த 640ஐ விட்டு நகரவில்லை. வீட்டின் பின்கட்டில் நான்கு அறைகள் காலியாகக் கிடக்க, குடும்பம் முழுதும் திண்ணையில் நெருங்கிப் படுத்துக்கொண்டது போன்ற நிலை.

ஆட்டக்காரர்களின் முதல் கைவேலை இங்கேதான் தொடங்கியது. கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்செக்.பேட் என்னும் இரண்டு சிறு கோப்புகள். கணினி விழிக்கும்போது எதை முதலில் ஏற்ற வேண்டும், எதை மேல்நினைவகத்துக்குத் தள்ள வேண்டும் என்பதை அவை முடிவு செய்தன. சுண்டெலிக்கான நிரலை மேலே தள்ளினால் சில கிலோபைட் மிஞ்சும். குறுந்தகட்டு இயக்கியை ஏற்றாமல் விட்டால் இன்னும் கொஞ்சம். வரிகளின் முன்பின் வைப்பை மாற்றினாலே மிச்சம் கூடும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நெகிழ்தட்டு என்று தனித்தனியே செய்து, கணினியை அதிலிருந்து எழுப்பியவர்களும் உண்டு. 1993இல் வந்த டாஸின் 6ஆம் பதிப்பில் இந்த வேலையைத் தானே செய்யும் மெம்மேக்கர் என்ற நிரலை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. கையால் செய்தவர்கள் அதை ஏளனமாகவே பார்த்தார்கள் என்று அக்காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நம் தலைமுறையினர் பள்ளி ஆய்வகங்களிலும் கணினிப் பயிற்சி நிலையங்களிலும் கண்டது பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவையும் டேஞ்சரஸ் டேவையும். ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் 1989இல் ஆப்பிள் II கணினிக்கென உருவாக்கிய அந்த இளவரசன், பிறகு ஐபிஎம் கணினிக்கு வந்து, தமிழ்நாட்டு மாணவர்களின் மதிய உணவு இடைவேளைகளைத் தின்று தீர்த்தான். தம் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு ஒளிப்படக் கருவியில் பதிவு செய்து, அந்தப் படங்களின் மேல் வரைந்தே மெக்னர் அவன் அசைவுகளை அமைத்தார். சில கிலோபைட்டுகளில் ஒரு மனிதனின் தயக்கத்தையும் மூச்சு வாங்கலையும் கொண்டுவர முடிந்த அருமையை அன்று உணரும் வயது நமக்கு இல்லை. (இந்த இளவரசனை நினைவில் வையுங்கள். பதினான்கு ஆண்டு கழித்து நம்மை அழவைக்க மறுபடியும் வருவான்.)

அக்காலக் கணினிகளின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் இருந்தது. வேகத்தைக் கூட்டுவது என்று பெயரைப் பார்த்து நினைப்போம். உண்மையில் அது வேகத்தைக் குறைப்பதற்கே வைக்கப்பட்டது. பழைய ஆட்டங்கள் செயலியின் துடிப்பையே தம் கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. புதிய கணினியில் அவை கண்ணால் தொடர முடியாத வேகத்தில் பறந்தன. ஆகவே புதிய பொறியைப் பழைய பொறிபோல் நடக்கவைக்க ஒரு பொத்தான் தேவைப்பட்டது.

*

ஆட்டத்தின் வேகத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஒரு கணக்கை அறிந்திருப்பது நலம். திரையில் அசைவது போல் தோன்றுவது உண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அசையாப் படங்கள். ஒவ்வொன்றையும் சட்டகம் என்கிறோம். விநாடிக்கு 30 சட்டகங்கள் வேண்டுமானால் ஒவ்வொன்றையும் வரையக் கணினிக்கு ஏறத்தாழ 33 மில்லிவிநாடிகளே கிடைக்கும். 60 வேண்டுமானால் அதில் பாதி. திரைப்படத்தில் சட்டகங்கள் முன்பே எடுத்துவைக்கப்பட்டவை. ஆட்டத்திலோ ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. அந்தந்தக் கணத்தில் வரைந்தாக வேண்டும். வரைந்து முடியவில்லை என்றால் படம் திக்கும்.

இந்தக் கணக்கைத் திறம்படக் கையாண்டவர்களுள் ஜான் கார்மாக்கை முதலில் சொல்ல வேண்டும். 1990 டிசம்பரில் வந்த கமாண்டர் கீன் ஆட்டத்தில், திரை நகரும்போது முழுப் படத்தையும் மறுபடி வரையாமல், மாறிய சதுரங்களை மட்டும் வரையும் உத்தியை அவர் கையாண்டார். ஐபிஎம் கணினியால் இயலாது என்று கருதப்பட்ட வழுக்கோட்டம் அதனால் இயன்றது. 1993 டிசம்பர் 10ஆம் நாள் வெளியான டூம், 386 செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் இருந்தால் ஓடும் என்றது. நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குப் படாத சுவர்களை வரைவதே இல்லை என்பது அதன் அடிப்படை. அப்படியும் தடுமாறும் கணினிகளுக்காக இரண்டு சலுகைகள் இருந்தன. விசைப்பலகையில் கழித்தல் குறியை அழுத்தினால் ஆட்டம் நடக்கும் சாளரம் சுருங்கும். சுற்றிலும் வெறும் சட்டம் நிற்கும். எஃப்5 விசையை அழுத்தினால் கிடைமட்டத்தில் புள்ளிகள் பாதியாகும். படம் கரடுமுரடாகும், ஆனால் ஓடும். பழைய கணினி வைத்திருந்தவர்கள் அஞ்சலட்டை அளவுக்குச் சுருங்கிய சாளரத்தில் அசுரர்களைச் சுட்டார்கள்.

நாம் தமிழ் படித்தவர்கள் ஆகையால் இதைப் பார்க்கும்போது ஓலைச்சுவடியின் நினைவு எழுவதைத் தவிர்க்க இயலவில்லை. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சத்தால் ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டவில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடவில்லை. கருவியின் வரம்புக்கு ஏற்ப எதை விடலாம் என்று முடிவு செய்தார்கள். விட்டதை நிரப்பிக்கொள்ளும் பொறுப்பு படிப்பவனுடையது. சுவடிப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, அந்தப் பொறுப்பு எத்துணைக் கடினம் என்பதும் தெரியும். டூம் ஆட்டத்தில் பாதிப் புள்ளிகளை இழந்த திரையைப் பார்த்து, அது கதவா எதிரியா என்று ஊகித்தவனும் ஒரு வகையில் சுவடி படித்தவனே. இந்த ஒப்புமையை ஒரு கருத்தரங்கில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவமும் நமக்கு உண்டு. ஆயினும் விட்டுவிட மனமில்லை.

*

1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ அட்டை வந்ததும் ஆட்டக் கணினியின் போக்கு மாறியது. அதுவரை செயலியே செய்துவந்த வரைதல் வேலையை இனி ஒரு தனி அட்டை செய்யும். வூடூவால் முப்பரிமாணப் படம் மட்டுமே வரைய முடியும். சாதாரணத் திரைக்கு இன்னோர் அட்டை வேண்டும். இரண்டையும் பின்புறத்தில் ஒரு கம்பிவடத்தால் இணைக்க வேண்டும். 1999இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 வந்தது. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸ் தன் உடைமைகளை அதே என்விடியாவுக்கு விற்றுவிட முடிவெடுத்தது. நான்கே ஆண்டுகளில் எழுந்து விழுந்த பேரரசு அது.

நம் பக்கத்துக்கு இந்தப் பேரரசின் செய்திகளே வந்தன, படைகள் வரவில்லை. காரணம் விலை. 1999இல் இன்டெல் 810 என்ற சில்லுத் தொகுதியைக் கொண்டுவந்தது. வரைகலைச் சில்லைத் தாய்ப்பலகைக்குள்ளேயே அடக்கி, அதற்குத் தனி நினைவகம் கொடுக்காமல் கணினியின் பொது நினைவகத்திலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. ஆன்போர்டு என்று கடைக்காரர்கள் சொன்னது இதைத்தான். தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளிலும் உலாவு மையங்களிலும் 2000த்தையொட்டிப் புகுந்த கணினிகளில் பெரும்பாலானவை இவ்வகையினவே. 64 மெகாபைட்டில் ஒரு பகுதியைத் திரைக்குக் கொடுத்துவிட்டு மீதியில் விண்டோஸ் 98ஐ ஓட்டிய பொறிகள். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 810 சில்லுத் தொகுதி ஏஜிபி என்னும் வரைகலை அட்டைத் துளையை ஆதரிக்கவில்லை. பின்னர் வந்த 845ஜிஎல் தொகுதியும் அவ்வாறே. அதாவது, பிற்பாடு காசு சேர்த்து நல்ல அட்டை வாங்கினாலும் செருகுவதற்கு இடம் இராது.

இதை நாம் எப்படி அறிந்தோம் என்று கேட்கலாம். 2003ஆம் ஆண்டு, முதுகலை இறுதியில், மாணவர்க்குப் பாடம் சொல்லிச் சேர்த்த பணத்தோடு திருத்தணியிலிருந்து மின்தொடர் வண்டியேறிச் சென்னை சென்று, அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நுழைந்தோம். வானொலிப் பெட்டி உதிரிகளில் தொடங்கி, தொலைக்காட்சி, பிறகு கணினி என்று காலத்துக்கேற்பச் சரக்கை மாற்றிக்கொண்ட தெரு அது. ஓர் ஆள் படுத்தால் நிறைந்துவிடும் அகலமுள்ள கடைகளில் கூரை வரை அட்டைப் பெட்டிகள். ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 அட்டையை வாங்கிக்கொண்டு, மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். கணினியைத் திறந்து பார்த்தால் செருகும் துளை இல்லை. துளைக்கான இடத்தில் ஈயப் புள்ளிகள் மட்டும் வரிசையாக இருந்தன. மறுநாள் கடையில் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். ‘பலகை எதுன்னு கேட்டுட்டு வர்றதில்லையா?’ என்று கடைப்பையன் கேட்டான். நியாயமான கேள்விதான்.

பழைய தாய்ப்பலகை ஒன்றைத் தேடிப் பிடித்து அந்த அட்டையை ஒருவழியாகப் பொருத்திய பின்னர் இன்னொரு பாடம் காத்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா புதிய உருவில் வந்தது. காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் மணலோடு, முப்பரிமாண அரண்மனையில். நம் ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸில் அது எழவே மறுத்தது. பெயரில் 4 இருந்தாலும் அந்த அட்டையின் உள்ளீடு இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. ஒளியையும் நிழலையும் புள்ளி தோறும் கணக்கிடும் ஷேடர் என்னும் உறுப்பு அதில் இல்லை. பெயரைப் பெரிதாக்கி உள்ளே பழையதை விற்ற இந்தச் செயலைக் கார்மாக் போன்றவர்களே அக்காலத்தில் குறை கூறினார்கள்.

இத்தகைய அட்டைக்காரர்களின் ஆபத்பாந்தவனாக 3டி அனலைஸ் என்றொரு சிறு நிரல் கைமாறிக் கைமாறி வந்தது. ஆட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவே அது நின்றுகொள்ளும். ‘உன்னிடம் ஷேடர் உண்டா?’ என்று ஆட்டம் கேட்டால், அட்டைக்குப் பதிலாக அது ‘உண்டு’ என்று பொய் சொல்லும். சில வேலைகளைச் செயலியின் தலையில் கட்டும். சிலவற்றைச் செய்யாமலே விட்டுவிடும். நீர் கறுப்பாகத் தெரியும், இளவரசனின் நிழல் இராது, சுவர்கள் சில வேளை வெண்மையாக ஒளிரும். ஆனால் ஓடும். பொய்ம்மையும் வாய்மையிடத்த என்று நாம் சமாதானம் செய்துகொண்டோம்.

*

2003இல் கணினிக்கு வந்த வைஸ் சிட்டி ஆட்டமும் 2005இல் வந்த சான் ஆண்ட்ரியாஸும் நம் ஊர்களில் பெற்ற வரவேற்பை இன்றைய இளைஞர்க்கு விளக்க வேண்டியதில்லை. முன்னது 800 மெகாஹெர்ட்ஸ் செயலி, 128 மெகாபைட் நினைவகம், 32 மெகாபைட் வரைகலை அட்டை கேட்டது. பின்னது ஒரு கிகாஹெர்ட்ஸ், 256 மெகாபைட், 64 மெகாபைட் என்று இரட்டிப்பாக்கியது. உலாவு மையங்களின் பொறிகள் இந்த வரம்பின் விளிம்பில் நின்றன. அங்கே என்ன செய்தார்கள்? திரைத் தெளிவை 1024க்கு 768இலிருந்து 640க்கு 480ஆகக் குறைத்தார்கள். வரைய வேண்டிய புள்ளிகள் ஏழு இலட்சத்து எண்பத்தாறாயிரத்திலிருந்து மூன்று இலட்சத்து ஏழாயிரமாகச் சுருங்கும். கண்ணுக்கெட்டும் தொலைவைச் சுருக்கினார்கள். தொலைவுக் கட்டடங்கள் மூடுபனியில் மறைந்து, அருகில் சென்றதும் திடீரென முளைக்கும். மார்கழி விடியலில் திருத்தணி மலையைப் பார்ப்பது போல் இருக்கும் அது. சட்டக வரம்பை நீக்கினால் வேகம் கூடும் என்பதையும் கண்டுபிடித்தார்கள். அப்படி நீக்கினால் சான் ஆண்ட்ரியாஸில் வண்டிகளின் ஓட்டமும் நீச்சலும் நிலைகுலையும் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். கவுன்ட்டர் ஸ்டிரைக்கின் 1.6 பதிப்பில் வரைகலை அட்டையை அறவே நாடாமல் செயலியைக் கொண்டே வரையும் தெரிவு ஒன்று இருந்தது. ஆன்போர்டு கணினிகளின் உலகம் அந்தத் தெரிவில் உயிர்வாழ்ந்தது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. இவை பெரும்பாலும் திருட்டுத் தட்டுகள். 700 மெகாபைட் குறுந்தகட்டில் அடங்கும்படி இசையையும் இடைக்காட்சிகளையும் வெட்டி எறிந்த பதிப்புகள் சென்னை பர்மா பஜாரிலிருந்து ஊர் ஊராகப் பரவின. ஆட்டத்தின் பாட்டுகள் இல்லாமலே அதை முழுதும் ஆடி முடித்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. அவர்களுள் சிலர் பிற்பாடு மூலத்தைக் காசு கொடுத்து வாங்கியபோது, அதில் வானொலி பாடுவதைக் கேட்டுத் திகைத்திருக்கிறார்கள்.

வெப்பத்தைச் சொல்லாமல் திருத்தணியின் கணினி வரலாற்றை எழுத முடியாது. கோடையில் வானிலைச் செய்தி கேட்பவர்கள் நம் ஊர்ப் பெயரை அறிவார்கள். மாநிலத்தின் மிகுவெப்பம் பதிவான இடங்களுள் அடிக்கடி இடம்பெறுவது. 2000 இறுதியில் வந்த பென்டியம் 4 செயலி, சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே குளிர்நாட்டில் ஓடும் ஆட்டம் இங்கே சித்திரையில் திக்கும். மென்பொருளில் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது. அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டுப் பக்கத்து விசைத்தறி வீடுகளில் இன்னும் மோசம். நூல் பஞ்சு விசிறியில் படிந்து கம்பளிபோல் மூடிக்கொள்ளும். அங்கே கணினியின் வேகத்தைக் கூட்ட உண்மையிலேயே உதவியது ஒரு வண்ணத் தூரிகையும், செயலிக்கும் அதன் மேல் அமரும் உலோகத் தகட்டுக்கும் நடுவே புதிதாகத் தடவிய வெப்பப் பசையும்தான். சந்தனக்காப்புப் போல் மெல்லிதாகத் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் பயனில்லை.

இதற்கு மாறாக, பலனில்லாத வைத்தியங்களும் மலிந்திருந்தன. பதிவேட்டைத் துடைத்தால் பறக்கும் என்ற நிரல்கள், ஒரே சொடுக்கில் வேகம் இருமடங்கு என்ற நிரல்கள். விஸ்டாவோடு வந்த ரெடிபூஸ்ட், விரலியைச் செருகினால் நினைவகம் கூடியதுபோல் ஆகும் என்ற எண்ணத்தைப் பரப்பியது. நினைவகம் மிகக் குறைந்த பொறிகளில் சிறிது பயன் இருந்தது உண்மை. ஆட்டத்தின் சட்டகங்களுக்கு அதனால் எதுவும் வாய்க்கவில்லை.

*

இனி அந்த மடிக்கணினிக்கு வருவோம். அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். மற்றொன்று விண்டோஸ் 7இன் ஆகக் கடைசிப் பதிப்பான ஸ்டார்ட்டர். இந்த ஸ்டார்ட்டரின் குணங்களை மைக்ரோசாஃப்ட்டே வகுத்து வைத்திருந்தது. முகப்புப் படத்தை மாற்ற முடியாது. கண்ணாடி போன்ற ஒளிபுகும் சாளரங்கள் கிடையாது. 2 ஜிபிக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது. வீட்டில் கடன் வாங்கி இன்னொரு 2 ஜிபி செருகினாலும் அது கண்டுகொள்ளாது. இலவசமாக வந்த பொருள் என்றாலும், தன் அறைச் சுவரில் தன் விருப்பப்படி ஒரு படத்தை மாட்டக்கூட உரிமையில்லாத வீடு போன்றது அது. மாணவர்கள் முதலில் உடைத்தது இந்த முகப்புப் படத் தடையைத்தான் என்பதைப் பிறகு அறிந்தோம். ஆட்டம் அடுத்தே வந்தது.

பின்னணியில் ஓடும் பணிகளை நிறுத்தினார்கள். பயன்படாத சேவைகளை முடக்கினார்கள். திரைச்சில்லு பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்வதால், ஒரே 2 ஜிபி அட்டையைக் காட்டிலும் ஒத்த இரண்டு 1 ஜிபி அட்டைகளைச் செருகினால் நினைவகத்தின் பாதை இரட்டிப்பாகிப் படம் சீராக ஓடும் என்பதை எவனோ கண்டறிந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மொத்த அளவு மாறவில்லை, வழி அகன்றது. இது அறிவியல் முறைப்படி முற்றிலும் சரி. நம் தமிழ்த்துறையில் அன்று இதை விளக்கக்கூடியவர் எவரும் இல்லை. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலம் வேறு. சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமலே கழிந்தது. மின்கலத்தில் ஓடும்போது செயலி தானே வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அமைப்புகளில் வழி தேடி வைத்திருந்தார்கள்.

நாம் துடைக்கச் சொன்ன மூன்று கணினிகளுள் ஒன்றில் ஆட்டத்தோடு வேறொன்றும் இருந்தது. தறிக்காரக் குடும்பத்துப் பையன். 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த இந்த எல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குபவை. பாவு, ஊடை, நாடா என்று தறியோடு ஒட்டிய சொற்களைத் தன் ஊரில் இரு மொழியினரும் எப்படி வழங்குகிறார்கள் என்று, நாமே கொடுத்த ஒப்படைப்புக்காக, கிழவர் கிழவியரிடம் கேட்டுத் தட்டெழுதி வைத்திருந்தான். மூன்று மாத உழைப்பு. அச்சுப்படி எடுக்கவில்லை. நாம் கேட்டுப் பார்க்கவும் இல்லை. ஆட்டம் இருந்தது, துடைத்தாயிற்று.

அவன் அழவில்லை. ‘ஐயா, அந்த டிஸ்க்ல இனிமே ஒண்ணும் எழுதாதீங்க’ என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு போனான். நண்பனின் மடிக்கணினியில் லினக்ஸை எழுப்பி, தன் வன்தட்டை அதனோடு வெளியிலிருந்து இணைத்து, ஃபோட்டோரெக் என்ற நிரலால் இரவு முழுதும் தேடியிருக்கிறான். அந்த நிரல் அழிந்த கோப்புகளை மீட்கும், பெயர்களை மீட்காது. ஆயிரக்கணக்கான எண்ணிட்ட கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, நான்கு நாளில் ஏறக்குறைய பாதிச் சொற்களைத் திரட்டிவிட்டான். இந்த வித்தையை எங்கே கற்றாய் என்று கேட்டோம். சேமித்து வைத்த ஆட்டம் ஒருமுறை அழிந்துபோனபோது கற்றதாகச் சொன்னான். மீதிச் சொற்களைச் சொன்ன பாட்டி ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். அந்தப் பக்கங்கள் வெற்றிடமாகவே ஒப்படைப்பில் இருக்கின்றன. அவனுக்கு முழு மதிப்பெண் போட்டோம். அதனால் என்ன?

*

பிறகு நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்ட வழி செய்தது. 2019 ஜூலையில் பப்ஜியின் எளிய கணினிப் பதிப்பு, 4 ஜிபி நினைவகமும் இன்டெல்லின் உள்ளமைந்த வரைகலையும் போதும் என்று சொல்லி இந்தியாவுக்கு வந்தது. பழைய கணினிகளை மனத்தில் வைத்தே ஒரு பெருநிறுவனம் ஆட்டம் செய்து தந்தது அரிதான நிகழ்ச்சி. 2021 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் ஏஎம்டி கொண்டுவந்த எஃப்எஸ்ஆர் நுட்பம், படத்தைச் சிறிதாக வரைந்து, பெரிதாக்கும்போது இழந்த விளிம்புகளைக் கணக்கால் ஊகித்து நிரப்பியது. முழுத் தெளிவின் கால்பங்குப் புள்ளிகளை மட்டும் வரைந்து மீதியை ஊகிக்கும் தெரிவும் அதில் உண்டு. எதிரி நிறுவனத்தின் பழைய அட்டைகளிலும் அது ஓடியது. புள்ளி வைக்காத ஏட்டைப் புள்ளியிட்டுப் படிப்பதைப் பொறியே செய்யத் தொடங்கிவிட்டது.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள், 11ஆம் பதிப்புக்குத் தகுதியற்றவை என்ற ஒரே காரணத்தால் பழையன ஆயின. அவ்வாண்டின் கடைசியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகத்தை வாங்கிக் குவிக்க, சந்தையில் அதன் விலை பன்மடங்கு ஏறியது. பழைய 4 ஜிபி அட்டைகளை எடைக்குப் போட்டவர்கள் வருந்தினார்கள்.

காக்களூரில் தொடங்கிய திட்டத்தின் வழி ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் சென்றன. பல பரணில் கிடக்கின்றன. சில இன்னும் ஓடுகின்றன. சென்ற கிருத்திகையன்று மலையிலிருந்து இறங்கி வரும்போது, அடிவாரத்துக் கடைத்தெருவில் அந்தத் தறிக்காரப் பையனின் பழுதுபார்ப்புக் கடையில் சற்று உட்கார்ந்தோம். மேசையில் அதே கறுப்புப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கொண்டுவந்தது; அவள் அக்காவுக்கு 2012இல் கிடைத்ததாம். வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி செருகி, லினக்ஸ் ஏற்றியிருந்தான். விசிறியில் இருந்து எடுத்த பஞ்சு ஒரு செய்தித்தாளின் மேல் உருண்டையாக இருந்தது.

‘எக்ஸாம் முடியட்டும், சான் ஆண்ட்ரியாஸ் ஓடுமான்னு கேக்குது சார்’ என்றான். ‘ஓடுமா?’ என்று கேட்டோம். ‘பனியைக் கொஞ்சம் கிட்ட வெச்சா ஓடும்’ என்று சொல்லிவிட்டு, வெப்பப் பசையை விரல்நுனியில் எடுத்தான்.